மீதிப் பத்தொன்பது படங்கள்

வந்திருந்தவர்கள்:

சுந்தரமூர்த்தி. தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர், தமிழ்ச் சங்கச் செயலாளர். வீட்டில் இருந்த ஒரே நாற்காலி அவருக்கு.

ஜோசபின். ஜாக்கெட் தைக்கிறவள், நாசரேத் பக்கத்துக்காரி. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

மல்லிகா. அடுத்த சந்து. கூப்பிடாவிட்டாலும் வந்திருப்பாள்.

இருதயராஜ். போசரியில் லேத் ஓட்டுகிறவர். செருப்பைக் கழற்றிய இடத்திலேயே, கதவை ஒட்டி நின்றார்.

ரவிசந்திரன். தமிழரசியின் புருஷன் என்பதால் வந்தவன் கணக்கில் சேராது. ஞாயிற்றுக்கிழமை மழையில் போக இடமில்லாமல் இருந்தான்.

தமிழரசி கூப்பிட்டது நாற்பத்து மூன்று வீடுகளை. வாசல் வாசலாகப் போய்ச் சொன்னாள். "ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு வாங்க. பொஸ்தகப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துடறேன்." எல்லோரும் சரி என்றார்கள். வந்தது நாலு பேர். மற்றவர்கள் கோபத்தில்தான் வரவில்லை என்று அவள் நினைத்தாள். ரெண்டு வருஷம் ஏமாற்றியவள் வீட்டுப் படியை யார் மிதிப்பார்கள்?

ரெண்டு வருஷம் என்பது சும்மா இல்லை. போசரியில் ஒரு சின்னக் கம்பெனியில் ஸ்குரூ பேக்கிங் வேலை அவளுக்கு. ஷிப்டு முடிந்து பஸ் இறங்கிக் கட்கி பஜார் வழியாக வந்தால் வீட்டுக்குப் பத்து நிமிஷம். ரயில் பாதையைச் சுற்றி வந்தால் அரை மணி. ரெண்டு வருஷமாக அவள் சுற்றித்தான் வந்தாள். பஜாரில் பணம் கொடுத்தவர்கள் எதிர்ப்படுவார்கள். "பொஸ்தகம் என்னாச்சு?" என்று யாராவது கேட்டால் சொல்லப் பதில் இல்லை.

யோசனை என்னவோ நல்ல யோசனைதான். இந்த மராத்தி ஊரில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகள் மராத்தியில் படிக்கின்றன. வீட்டில் தமிழ் பேசுகின்றன, ஆனால் ஓர் எழுத்தும் தெரியாது. அவளுடைய பிள்ளைகள் ரெண்டும் அப்படித்தான். தமிழ் எழுத்துக்குப் பக்கத்திலேயே மராத்தி எழுத்தையும் போட்டு, தினம் பார்க்கிற சாமான்களின் பெயர்களாக எழுதி, எழுத்துக்கு ஒரு படம் வைத்து ஒரு புத்தகம் போட்டால் என்ன என்று தோன்றியது. அச்சாபீஸ்காரன் முன்பணம் கேட்டான். தொண்ணூற்றி ஏழு ஆகஸ்டில் வீடு வீடாகப் போனாள். ஐம்பது ரூபாய் கொடுத்தால் புத்தகம் வந்ததும் வீட்டுக்கு ஒன்று. மொத்தம் முப்பத்தியொரு எழுத்து, முப்பத்தியொரு படம். ஹர்ஷா என்று ஓவியக் கல்லூரி மாணவன் ஒருத்தன் போட்டுத் தருவதாக ஒத்துக்கொண்டான். உயிரெழுத்துப் பன்னிரண்டுக்கும் போட்டான். ஆட்டின் தாடி காற்றில் அசைகிற மாதிரி இருக்கும். அதற்குள் பம்பாயில் விளம்பரக் கம்பெனியில் வேலை கிடைத்துப் போய்விட்டான். மீதிப் பத்தொன்பது படங்களுக்கு அவள் அலைந்த அலைச்சலுக்கு அளவில்லை. ஒருத்தர் கேட்ட கூலியில் புத்தகமே அச்சடித்துவிடலாம். இன்னொருத்தர் வரைந்த கத்தரிக்காய் பலூன் மாதிரி இருந்தது. பிள்ளைகள் படம் பார்த்துத்தானே படிக்கும்? படம் இல்லாமல் புத்தகம் ஏது? பணத்தை அச்சாபீஸுக்குக் கொடுக்காமல் பேங்கிலேயே போட்டு வைத்தாள்.

போன வாரம் ரவிசந்திரன்தான் சொன்னான். "பேங்க்ல எடுத்து அவங்கவங்க மூஞ்சில விட்டெறி. ராத்திரி தூங்கவாவது தூங்கலாம்." விட்டெறிய அவளுக்குத் தெரியாது. ஒவ்வொரு கவரின் மேலும் பேரெழுதி, பையில் போட்டு வைத்திருந்தாள்.

டீ கொடுத்து முடித்ததும் நின்றபடியே பேசினாள். முன்கூட்டி மனப்பாடம் செய்தது பாதி மறந்துபோனது. "என்னால முடியல. சொன்ன சொல்லைக் காப்பாத்தல. தப்புதான். உங்க பணம் அப்படியே இருக்கு, ஒரு பைசா தொடல. வாங்கிக்கிட்டு என்னை விட்ருங்க."

மல்லிகா டம்ளரைக் கீழே வைத்தாள். "இன்னா பணம் தமிழு?"

"பொஸ்தகப் பணம்."

"அது வர்கணி இல்ல?"

தமிழரசிக்குப் புரியவில்லை.

"கணபதிக்கு மண்டல் பசங்க வந்து வசூல் பண்ணிக்கினு இருந்தானுங்க. அதே வாரம் நீயும் வந்தே. அதே மாதிரி பாவ்தி கிழிச்சிக் கொடுத்தே. மேல பிள்ளையாரு. நம்ம பொண்ணும் எதுக்கோ வசூல் பண்ணுது, கொடுத்துத் தொலைப்போம்னு கொடுத்தேன். வர்கணிய எவனாச்சும் திருப்பிக் கொடுப்பானா? கேட்டா சிரிப்பாங்க."

அப்போதுதான் தமிழரசிக்கு அந்த ரசீதுப் புத்தகம் நினைவுக்கு வந்தது. பஜாரில் அந்த மாதம் கடைக்குக் கடை தொங்கிய சரக்கு. ரெடிமேடாக அச்சடித்தது, மலிவு. மேலே பிள்ளையார் படம், கீழே மராத்தியில் விழாச் சந்தா என்று பொருள்படும் 'வர்கணி' கொட்டை எழுத்தில். தனியாக அச்சடிக்க வசதியில்லாமல் அதையே வாங்கி, ஒவ்வொன்றின் அடியிலும் தன் கையால் எழுதியிருந்தாள்: 'இந்த ரசீதுக்கு ஒரு புத்தகம் தரப்படும்.' எழுதியது தமிழில். தமிழ் படிக்கத் தெரியாதவர்களுக்குத் தமிழ் கற்றுத்தர வசூலித்த பணத்துக்கு, வாக்குறுதியைத் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தாள்.

"நான் வாயாலயும் சொன்னேனே மல்லிகாக்கா."

"சொல்லியிருப்பே. அடுப்புல பால் வச்சிட்டு வாசல்ல நிக்கறவ என்னாத்த கேப்பா?"

ஜோசபின் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "நான் சொல்லுதேன் கேளு. நான் வேதக்காரி. எங்கிட்டயும் பிள்ளையாரத்தான் நீட்டுன. தெருவுல நாலு பேரோட இருக்கோம், இல்லன்னு சொல்ல முடியுமான்னு குடுத்தேன். இன்னொண்ணும் உண்டு. நீ மழையில நனைஞ்சிட்டு வந்த. உக்காந்து காப்பி குடிச்ச. தைக்கக் குடுக்க வாறவளத் தவிர என் வீட்டுக்கு யாரு வாறா? அந்த அம்பது அதுக்குன்னு வச்சுக்க. திருப்பித் தந்தா எனக்கு அசிங்கமால்லா இருக்கும்."

"பொஸ்தகம் வரும்னு நீங்க காத்துக்கிட்டு இல்லியா?"

"என்ன பொஸ்தகம் ட்டி? என் மவன் பாடப் பொஸ்தகத்தையே தொறக்க மாட்டாங்கான்."

தமிழரசி கட்டிலின் மறுமுனையில் உட்கார்ந்தாள். நிம்மதி வந்திருக்க வேண்டும். ரெண்டு வருஷமாக முதுகில் கிடந்த மூட்டையை யாரோ இறக்கி, உள்ளே ஒன்றுமே இல்லை என்று உதறிக் காட்டிய மாதிரி இருந்தது. ரயில் பாதையைச் சுற்றி நடந்த நடைக்கெல்லாம் யாருமே காரணமில்லை. பஜார் வழியாக நேராக வந்திருக்கலாம். ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டார்கள். அதை நினைத்தபோது ஏமாற்றியவள் என்று திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று பட்டது.

சுந்தரமூர்த்தி தொண்டையைச் செருமினார். வசூல் செய்த காலத்தில் அவளைச் சங்க மேடையில் ஏற்றிச் சால்வை போட்டவர் அவர்தான். "ஆக, யாரும் பணத்தைத் திருப்பிக் கேக்கல. எனக்கும் வேண்டாம். தமிழுக்குன்னு கொடுத்தது தமிழுக்கே போகட்டும். நம்ம பொங்கல் விழாவுக்கு வருஷா வருஷம் பந்தல் வாடகையே நெரிக்குது. மொத்தமா சங்கத்துக்கு நன்கொடைன்னு எழுதிடும்மா. மேடையில உன் பேரை வாசிச்சுடறேன். உனக்கும் கௌரவம், பாரமும் இறங்கிடும்."

"அதான் சரி," என்றான் ரவிசந்திரன். ரெண்டு வருஷத்தில் அவன் இவ்வளவு சீக்கிரம் எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை.

தமிழரசி பையை எடுத்தாள். கொடுத்துவிட்டால் முடிந்தது. நாளைக்கு மத்தியான ஷிப்டு. தூங்கி எழுந்து போகலாம். கை நீண்டுகூட விட்டது.

"என் பணம் எனக்கு வேணும்மா."

கதவுப் பக்கமிருந்து இருதயராஜ். அவர் வந்ததிலிருந்து பேசிய முதல் பேச்சு அதுதான்.

மல்லிகா திரும்பிப் பார்த்தாள். "அம்பது ரூபாய்க்கா அண்ணே போசரிலேர்ந்து மழையில பஸ்ஸு ஏறி வந்தே? டிக்கெட்டுக்கே பாதி பூட்டிருக்குமே!"

"நூத்தம்பது," என்றார் அவர். "மூணு பொஸ்தகத்துக்குக் குடுத்தேன். ஒண்ணு கிழிஞ்சா இன்னொண்ணு இருக்கட்டும்னு."

"எல்லாரும் விட்டுக் கொடுக்கறப்ப நீங்க மட்டும் இப்படி..." சுந்தரமூர்த்தி முடிக்காமல் தலையை ஆட்டினார்.

"அவங்க வர்கணி குடுத்தாங்க சார். நான் பொஸ்தகத்துக்குக் குடுத்தேன். கம்பெனியில ஒரு மதுரைக்காரரு இருக்காரு. அவருகிட்ட பாவ்தியக் காட்டி அடியில என்னா எழுதியிருக்குன்னு கேட்டேன். பொஸ்தகம் தரப்படும்னு படிச்சாரு. தரல. அப்ப பணம் வாபஸ் குடுக்கணும் இல்ல?"

பேச்சில் கோபமே இல்லை. கடையில் தேறாத உருப்படியைத் திருப்புகிற மாதிரி சொன்னார். தமிழரசிக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. எல்லாம் முடிந்த நேரத்தில் இந்த மனுஷன். அவர் கவரைத் தேடி எடுத்துக்கொண்டே கேட்டாள், "உங்களுக்குத்தான் பிள்ளைங்க இல்லையேண்ணே. யாருக்கு மூணு பொஸ்தகம்?"

"எனக்கு."

மல்லிகா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் இங்கியே பொறந்தவன். நாலாவது வரைக்கும் இந்தி. தமிழு பேசுவேன், படிக்கத் தெரியாது. ஊர்ல எங்கண்ணன் இருக்காரு, நெலத்தப் பத்தி மாசம் ஒரு லெட்டர் போடறாரு. என் பொஞ்சாதி பவுனுதான் படிச்சிக் காட்டுவா." இவர்கள் முன்னால் சொல்லலாமா என்று யோசித்த மாதிரி இருந்தது. பிறகு சொல்லிவிட்டார். "படிக்கறப்ப அவ கண்ணு மூணு வரி கீழ போவுது. வாயி ஒரு வரிதான் சொல்லுது."

மல்லிகா வாயிலிருந்து கையை எடுத்தாள்.

"மதுரைக்காரர்கிட்ட குடுத்துப் படிக்கச் சொல்றதுதானே?" என்றான் ரவிசந்திரன்.

"பொஞ்சாதி மறைக்கறத ஊரான் வாயால கேக்கறதா?"

ரவிசந்திரன் அதற்கப்புறம் சுவரைப் பார்த்துக்கொண்டான்.

தமிழரசி கவரை அவரிடம் நீட்டினாள். நீட்டியவள் விடவில்லை. "அண்ணே, நான் போடாம இருந்தேன்னு நினைக்காதீங்க. படம்தான் கிடைக்கல. பன்னெண்டு இருக்கு, பாருங்க." அலமாரியிலிருந்து அட்டையை இழுத்துப் பிரித்துக் காட்டினாள். அம்மிக்கல், ஆடு, இட்லித் தட்டு. இருதயராஜ் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஆட்டிடம் வந்ததும் நின்றார்.

"நல்லாத்தான் போட்டிருக்கான். எனக்கு எதுக்கும்மா ஆட்டுப் படம்? எனக்கு ஆடு தெரியாதா?"

அவள் அட்டையை மூடினாள்.

"எழுத்து எல்லாம் எழுதிட்டியா?"

"எழுத்து முடிஞ்சு ஒண்ணேமுக்கால் வருஷமாச்சு."

"பக்கத்துல இந்தி எழுத்து?"

"இருக்கு. மராத்தி, இந்தி ரெண்டுக்கும் ஒரே எழுத்துதானே."

"அப்புறம் என்னா தடங்கல்?"

என்ன தடங்கல் என்று அவளும் தன்னையே கேட்டுக்கொண்டாள். பத்தொன்பது படங்களுக்காக ரெண்டு வருஷம். அந்தப் படங்கள், புத்தகமே வேண்டாத நாற்பத்து இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கு. வேண்டும் என்று பணம் கொடுத்த ஒரே ஆளுக்கு வயது ஐம்பதைத் தொடப்போகிறது. அவருக்குக் கத்தரிக்காய் பலூன் மாதிரி இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். வசூலுக்குப் போனபோது யார் முகத்தையும் பார்த்து 'உங்களுக்கு எதுக்கு?' என்று அவள் கேட்டதில்லை. கொடுத்தார்கள், வாங்கினாள்.

"படம் இல்லாம போட்டா வாங்கிப்பீங்களா?"

"எழுத்து பெரிசா இருக்கணும். கண்ணு சரியில்ல."

"அப்ப இந்தக் கவர் என்கிட்டயே இருக்கட்டும். மூணு மாசத்துல..."

"குடும்மா." அவள் விரல்களிலிருந்து கவரை மெதுவாக உருவிக்கொண்டார். "ரெண்டு வருஷம் நீ வச்சிருந்த. இப்ப நான் வச்சிருக்கேன். பொஸ்தகம் எடுத்துக்கினு வா, கையில தரேன்." சட்டைப் பையில் வைத்துப் பட்டனைப் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டி, மழைக்குள் இறங்கிப் போனார்.

ஜோசபினும் எழுந்தாள். தையல் கிடக்கிறதாம். மல்லிகாவுக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருக்க ஆசைதான். அவளிடம் குடை இல்லாததால் ஜோசபினின் குடையில் கூடவே போனாள்.

சுந்தரமூர்த்தி நாற்காலியை விட்டு எழவில்லை. "சரிம்மா. அவர் கணக்குத் தீர்ந்தது. மீதியை இப்பவே முடிச்சுடலாமா? நான் லெட்டர்ஹெட் கொண்டாந்திருக்கேன்."

"மீதி கிடையாது சார். பொஸ்தகம் போடப் போறேன்."

"யாருக்கு? கேட்டியே, யாருக்கும் வேண்டாம்!"

"பெரியவங்களுக்கு. படம் இல்லாம, எழுத்து பெரிசா. அச்சாபீஸ்ல ஆகலைன்னா ஜெராக்ஸ் போட்டாவது."

"ஒரு லேத்துக்காரனுக்காகவா? கொடுத்தவங்க எல்லாருடைய சம்மதமும் வேணும்மா. நாளைக்கு நாலு பேர் கேட்டா செயலாளர்ங்கற முறையில நான் என்ன பதில் சொல்றது?"

"கேக்கட்டும் சார். இது வரைக்கும் ஒருத்தர்தான் கேட்டிருக்காரு."

அவர் ரவிசந்திரனைப் பார்த்தார். ரவிசந்திரன் தலையணையை இழுத்து முகத்தின் மேல் போட்டுக்கொண்டான். அதற்கு அடியிலிருந்து, "இன்னும் ரெண்டு வருஷமாடி?" என்றான்.

தமிழரசிக்கே தெரியாது. ஒரே ஓர் ஆள் படிப்பாரா, பாதியில் விடுவாரா, படித்து முடித்து அந்தக் கடிதத்தில் என்ன பார்ப்பார், பார்த்த பிறகு அந்த வீட்டில் என்ன நடக்கும், எதுவும் தெரியாது. சுந்தரமூர்த்தியின் குடையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் எழுந்தே ஆகவேண்டி வந்தது.

"உணர்ச்சிவசப்பட்டு முடிவெடுக்காதே. நிதானமா யோசி. அந்தச் சால்வை போட்ட அன்னிக்கே நான் கமிட்டியில சொன்னேன்..." வாசலில் செருப்பைத் தேடியபடி அவர் பேசிக்கொண்டே இருந்தார். கிடைத்து, மாட்டிக்கொண்டு, படி இறங்கித் திரும்பி மறுபடியும் ஆரம்பித்தார். தமிழரசி கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். பிறகு சாவியையும் திருகிப் பூட்டினாள்.