நோராவின் கையிலிருந்து எடுத்த பால்

பிரிஜெட்டுக்கு அன்றைக்கு வந்த ஆத்திரம் சொல்லி மாளாது. பிளாக்பள்ளி மாதா கோயிலுக்குப் பின்னால் மரத்தடியில் உட்கார்ந்திருந்த அம்மை குத்துகிறவர், தோல் கிடங்குத் தெருக் குழந்தை ஒன்றின் கைக் கொப்புளத்திலிருந்து அம்மைப் பாலை எடுத்து, அப்படியே அவள் மகள் நோராவின் கையில் கீறி வைத்துவிட்டார். அந்தக் காலத்தில் அப்படித்தான், ஒரு பிள்ளை கையிலிருந்து இன்னொரு பிள்ளை கைக்கு.

"பயப்படாதீங்கம்மா. இது உள்ளே போய்ச் சின்னதா ஒரு அம்மையைக் காட்டும். உடம்பு அதோட சண்டை போட்டுப் பழகிக்கும். அப்புறம் பெரியம்மை வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது," என்றார் அவர்.

யார் காதில் விழுந்தது? எல்லோரும் பூசையில் ஒரே சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்குகிற ஜனம்தான். ஆனால் தோல் கிடங்குத் தெருக்காரர்கள் கோயிலில் உட்காருவது வேறு பக்கம், செத்தால் புதைப்பதும் வேறு பக்கம். அவர்கள் உடம்பில் ஊறியது தன் பிள்ளை உடம்பில் ஏறுவதா? சந்து திரும்பியதும் முந்தானையை நனைத்து அழுத்தித் துடைத்துவிட்டாள் மகராசி.

துடைத்தாயிற்று. அடுத்த வாரம் அவர் கொப்புளம் பார்க்க வருவாரே? கொப்புளம் இல்லையென்றால் திரும்பக் கீறுவார். புருஷன் ரெமிஜியஸ் வேறு பட்டாள ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவன், தெரிந்தால் வீடு இரண்டாகிவிடும். வண்ணார்கள் துணிக்குக் குறி போடுகிற, பட்டால் தோல் கொப்பளிக்கிற சேங்கொட்டைப் பாலை ஒரு துளி வாங்கி வந்து நோராவின் கையில் வைத்தாள். குழந்தை அலறியது. கொப்புளம் என்னவோ அசல் மாதிரியே எழும்பியது.

அம்மை குத்துகிறவர் வந்தார். நல்ல வெயில், நீண்ட வரிசை. "ஜல்தி, ஜல்தி!" என்று நோராவின் கையைப் பிடித்துப் பார்த்தவர், "பேஷ், நல்லா ஏறியிருக்கு!" என்று அந்தக் கொப்புளத்தையே குத்தி நீரை எடுத்தார். இதைப் பிரிஜெட் நினைத்தே பார்க்கவில்லை.

அடுத்து நின்றவள் பக்கத்து வீட்டு டோரதி. இடுப்பில் கைக்குழந்தை ஓஸ்வால்ட்.

"நோரா கையிலேர்ந்தா? அப்போ தாராளமா வைங்க, நம்ம ஜனம்தானே!" என்று சிரித்துக்கொண்டே பிள்ளையின் கையை நீட்டினாள்.

பிரிஜெட் வாயைத் திறந்தாள். சுற்றிலும் அத்தனை பெண்கள். மூடிக்கொண்டாள்.

சேங்கொட்டைக் காரத்தில் ஓஸ்வால்டின் கையும் வீங்கிப் புண்ணாகிக் காய்ந்தது. பிள்ளைக்கு ஏறிவிட்டது என்று தெருவே சொன்னது.

கோடை வந்தது, கூடவே பெரியம்மையும் வந்தது. பிரிஜெட் முக்காடு போட்டுக்கொண்டு நோராவைத் தூக்கிப் போய் வேறொரு இடத்தில் மறுபடி குத்திக்கொண்டு வந்தாள். யார் பிள்ளையின் பால் என்று கேட்கவுமில்லை, துடைக்கவுமில்லை. சரி, டோரதியிடம் சொன்னாளா? நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தாள். அந்த நாளைக்கு வரவே இல்லை, பாவி.

டோரதியின் புருஷன் கிளாரன்ஸ் பெரியம்மை கண்டு படுத்துவிட்டான். பிரிஜெட் ஓடினாள். "பிள்ளைங்க ரெண்டையும் என்கிட்ட விடு, டோரதி."

"மூத்தவ பெட்டிக்கு அப்போ காய்ச்சல், இன்னும் குத்தல, அவளைக் கூட்டிட்டுப் போ. ஓஸ்வால்டுக்கு என்ன? அவனுக்குத்தான் குத்தியாச்சே!"

கைக்குழந்தையை அப்பன் பக்கத்திலேயே படுக்க வைத்தாள் டோரதி. பிரிஜெட் பெட்டியை மட்டும் கூட்டிக்கொண்டு திரும்பினாள். கிளாரன்ஸ் முகமெல்லாம் தழும்போடு பிழைத்தான். ஓஸ்வால்ட் பிழைக்கவில்லை.

அடக்கம் முடிந்தது. தெருவில் இன்னும் பல வீடுகளில் வேப்பிலை தொங்கியது. அம்மை குத்துகிறவர் மறுபடி மரத்தடிக்கு வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, பெட்டியைக் கூட்டிக்கொண்டு டோரதியிடம் போனாள் பிரிஜெட். "வா, இவளுக்குக் குத்திட்டு வந்துடலாம்."

"குத்தினதுதான் என் பிள்ளையைக் கொன்னுச்சு!" என்று கத்தினாள் டோரதி. "இவ மேல ஒரு ஊசி பட விடமாட்டேன். எந்தப் பிள்ளையையும் கூட்டிட்டுப் போகாதீங்கன்னு வீடு வீடாச் சொல்லிட்டேன்."

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பழி அம்மைப் பாலின் மேலேயே போய்விடும். பெட்டி அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெயிலில் அலைந்து கன்னம் சிவந்திருந்தது. காய்ச்சலோ என்று பிரிஜெட் அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"டோரதி, ஓஸ்வால்டுக்கு ஏறினது அம்மைப் பாலே இல்ல. நோரா கையில இருந்தது நான் வெச்ச சேங்கொட்டைப் புண்ணு."

டோரதி அடிக்கவில்லை, திட்டவுமில்லை. பெட்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டு மரத்தடிக்குக் கிளம்பினாள். பின்னாலேயே வந்த பிரிஜெட்டைக் கையால் தடுத்தாள்.

"எங்க வீட்டுக்காரரு பக்கத்துல பிள்ளையைப் படுக்க வெச்சப்போ, நீ பார்த்துக்கிட்டுதானே நின்ன?" என்று கேட்டாள்.