எட்டு முறை செத்த மருமகள்

பாடி அக்கா முதன்முதலில் செத்ததற்குக் காரணம் ஒரு தும்மல். தும்மியது அவள் இல்லை. 'ஓரக்கண்' என்ற துப்பறியும் தொடரில் பிணமாகப் படுக்க வந்த பெண்ணுக்குத் தூசி ஒத்துக்கொள்ளவில்லை; காமிரா கிட்டே போகும்போதெல்லாம் பிணம் தும்மியது. இயக்குநருக்குத் தலை கொதித்தது.

"யாராவது வந்து சும்மா படுங்கய்யா! படுக்கக்கூடவா ஆள் இல்ல?"

உடைப் பிரிவில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவள், ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள். இமைகூட அசையவில்லை. காட்சி முடிந்து எல்லாரும் கைதட்டியபோதும் அசையவில்லை. பாவம், தூங்கிப்போயிருந்தாள்.

அது அவளுக்குப் பிறவியிலேயே வாய்த்தது. பேருந்தில் கம்பியைப் பிடித்து நின்றபடி தூங்குவாள். வரிசையில் நின்றால் தூங்குவாள். "செத்தா இப்படிச் சாகணும்!" என்று இயக்குநர் உருகிப்போனார். அதிலிருந்து தொடரில் எந்தப் பெண் செத்தாலும் இவள்தான். ஒரு வாரம் சுருட்டை முடி, ஒரு வாரம் கண்ணாடி, ஒரு வாரம் கன்னத்தில் மச்சம். ஆசிரியையாக நீரில் மூழ்கினாள், பாடகியாக விஷம் குடித்தாள், வங்கி அதிகாரியாக மாடியிலிருந்து விழுந்தாள். கூட இருந்தவர்கள் 'பாடி அக்கா' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

வீட்டில் இதை அவள் சொல்லவில்லை. கணவர் மின்விசிறி பழுது பார்ப்பவர். நாளெல்லாம் கடையில் விசிறிச் சத்தம் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்தால் தொலைக்காட்சிப் பக்கமே திரும்பமாட்டார். மாமியாருக்கோ 'ஓரக்கண்' என்றால் உயிர். மருமகளிடம் "உப்பு கம்மி", "கதவைச் சாத்து" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாத அந்த அம்மாள், திரையில் பிணத்தைப் பார்த்ததும் மூக்கை உறிஞ்ச ஆரம்பித்துவிடுவார்.

"யாரு பெத்த பொண்ணோ, மகராசி! முகத்துல என்ன ஒரு களை!"

அந்தக் களையான முகம் பக்கத்திலேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும். அழுகைக்கு வெங்காயமும் கொஞ்சம் கைகொடுத்திருக்கலாம். இருந்தாலும் அந்தச் சில நிமிடங்கள் அவளுக்கு இதமாக இருந்தன. சொல்லிவிட்டால் அது போய்விடுமோ என்ற பயத்தில்தான் வாயை மூடிக்கொண்டாள்.

தொடரின் நாயகன் போலீஸுக்கு ஆலோசனை சொல்பவர். செருப்பு வாரில் ஒட்டிய சுண்ணாம்பைப் பார்த்தே கொலைகாரனின் வீட்டு வாசலைச் சொல்லிவிடுவார். அந்த வேடத்தில் நடித்தவருக்கு வேடம் தலைக்கேறிவிட்டது. தேநீர் கொடுப்பவரை ஒருநாள் நிறுத்தி, கண்ணைச் சுருக்கி, "உங்க மனைவி கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டாங்க, இல்ல?" என்றார்.

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலை சார்."

"அதைத்தான் சொல்றேன். வீட்ல யாரும் இல்ல."

அவருக்கு 'நோட்டம் சார்' என்று பெயர்.

இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் நேரலை நிகழ்ச்சியில் நோட்டம் சார் உட்கார்ந்து ரசிகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஓய்வுபெற்ற பல் டாக்டர் ஒருவர் தொலைபேசியில் வந்தார்.

"சார், எனக்கு ஒரே ஒரு சந்தேகம். பொம்பளைப் பொணம் எல்லாத்துக்கும் மேல்வரிசையில இடதுபக்கம் ஒரே பல்லு உடைஞ்சிருக்கு. ஆசிரியை, பாடகி, வங்கி அதிகாரி எல்லாம் ஒரே அம்மாதானே? சுண்ணாம்பு கண்ணுல படுது, செத்தவளே திரும்பத் திரும்பச் சாகறது படலையா?"

நோட்டம் சார் திறந்த வாயை மூடவில்லை. அந்தத் திறந்த வாய் அன்று மாலைக்குள் ஊரிலிருந்த எல்லா கைபேசிகளிலும் ஏறிவிட்டது.

மறுநாள் காலை தயாரிப்பாளர் அறையில் கூட்டம். பாடி அக்காவையும் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். முதலில் கதாசிரியர் வாயைத் திறந்தார். "எட்டு பேரும் அக்கா தங்கச்சின்னு வச்சுடலாம் சார்."

"எட்டு பேருக்கும் அதே பல்லா உடையும்?" என்றார் தயாரிப்பாளர்.

"எனக்கு ரெண்டாவது சாவுலயே தெரியும்னு வையுங்க," என்றார் நோட்டம் சார். "தெரிஞ்சும் அமைதியா இருந்தேன்."

"அப்போ மிச்ச ஆறு பேரு செத்ததுக்கு நீங்கதானய்யா பொறுப்பு? உங்களையே உள்ள தூக்கிப் போடணும்!"

கடைசியில் இயக்குநர்தான் வழி கண்டுபிடித்தார். அந்தப் பெண் சாகவே இல்லை; ஊர் ஊராகப் போய்ச் செத்த மாதிரி நடித்து ஏமாற்றுபவள்; நோட்டம் சார் கையும் களவுமாகப் பிடிக்கிறார். எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று, தொடரில் பிரேதப் பரிசோதனை டாக்டராக நடிப்பவரைத் தவிர.

"அதெப்படி? எட்டு தடவை அறுத்திருக்கேன் நான்! ஒரு தடவை கல்லீரலைக் கையில எடுத்துக் காட்டியிருக்கேன். உயிரோட இருக்கறவளை அறுத்தேன்னா நான் என்ன டாக்டரா, கசாப்புக்காரனா?"

அவரைச் சமாதானப்படுத்தவே மதியம் ஆகிவிட்டது. அதற்குள் பாடி அக்கா நாற்காலியிலேயே தூங்கிவிட்டிருந்தாள்.

வீட்டுக்குப் போனால் அங்கே வேறு பஞ்சாயத்து. கடையில் வாடிக்கையாளர் ஒருவர் கைபேசியை நீட்டி, "உங்க வீட்டம்மா நல்லா இருக்காங்களா?" என்று கேட்டிருக்கிறார். கணவர் பதறியடித்து வந்து அம்மாவிடம் காட்டியிருக்கிறார். மாமியார் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தார்.

"எட்டு தடவை அழுதிருக்கேன்டி. பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு, நான்தான் அத்தைன்னு ஒரு வார்த்தை சொன்னியா?"

"நீங்க கேக்கலையே அத்தை."

"செத்தது நீயான்னு பக்கத்துல இருக்கறவளைப் பார்த்து யாராவது கேப்பாங்களா?"

அவள் எழுந்து சோறு போட்டாள். தட்டை நீட்டியபோது மாமியார் வாங்கிக்கொண்டார். உப்பைப் பற்றிக்கூட ஒன்றும் சொல்லவில்லை. உப்பாவது மிஞ்சியிருந்தது இதுநாள்வரை.

அந்த ஏமாற்றுக்காரி கதையின் கடைசிக் காட்சியைப் படமாக்கும் நாள் வந்தது. பிணவறை மேஜையில் பாடி அக்கா படுக்கவேண்டும். நோட்டம் சார் நீளமாக ஒரு வசனம் பேசி, "எழுந்திரும்மா, நாடகம் போதும்!" என்பார். அவள் எழுந்து, "ஆமா, நான் சாகலை" என்று சொல்லவேண்டும். அவள் வாழ்க்கையின் முதல் வசனம். காலையிலிருந்து மனப்பாடம் செய்திருந்தாள்.

மேஜை சில்லென்று இருந்தது. விளக்கு முகத்தில் இதமாகச் சுட்டது. நோட்டம் சார் செருப்பு வாரிலிருந்து தொடங்கினார், சுண்ணாம்புக்கு வந்தார், பல்லுக்குப் போனார். பேச்சு ஏற ஏற அவள் இறங்கிக்கொண்டே போனாள்.

"எழுந்திரும்மா, நாடகம் போதும்!"

அசைவில்லை.

"எழுந்திரும்மா!" என்றார் மறுபடியும். குனிந்தார். மூக்கருகே விரலை வைத்தார். மணிக்கட்டைப் பிடித்தார், அதுவும் பிடிக்கவேண்டிய இடத்துக்கு வெகுதூரம் தள்ளி. நிமிர்ந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

"நாடி இல்லை. இந்தம்மா நிஜமாவே போயிட்டாங்க!"

அதோடு அரங்கமே இடிந்து விழுந்த மாதிரி ஆனது. நடிப்பு டாக்டர் ஓடிவந்து கண்ணைப் பிரித்துப் பார்த்து, "நான் நினைச்சது சரிதான், எட்டு தடவையும் செத்துத்தான் போயிருக்கா" என்றார். நடிப்புப் போலீஸ்காரர்கள் லத்தியைக் குறுக்கே பிடித்துக் கூட்டத்தை விலக்கினார்கள்; கூட்டமும் விலகியது. நிஜ ஆம்புலன்ஸுக்குச் சொல்லவேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. தயாரிப்பாளர்தான் மின்விசிறிக் கடைக்குத் தகவல் சொன்னார்.

கடையும் வீடும் அடுத்த தெருவில்தான். கணவர் திருப்புளியும் கையுமாக ஓடிவந்தார். பின்னால், வாசலில் இறங்கிய வேகத்தில் ஒற்றைச் செருப்போடு, மாமியார்.

"ஐயோ, நான் பேசாம இருந்துட்டேனே! ஒரு வாரமா உன்கிட்ட முகம் கொடுத்துப் பேசலையேடி!" என்று கத்திக்கொண்டே மேஜையருகே வந்தவர், சட்டென்று நின்றார். அழுகை நின்றது. மருமகளின் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"யாருய்யா சொன்னது செத்துட்டான்னு?"

நோட்டம் சார் கையைத் தூக்கினார்.

"நீங்களா? உங்களை நம்பியா நான் வாராவாரம் உக்காந்திருந்தேன்! நிஜமா செத்தா புருவம் நேரா இருக்கும். இவ தூங்கறப்போ வலது புருவம் மேல ஏறிடும். நல்லாப் பாருங்க."

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். வலது புருவம் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது.

மாமியார் அவள் காதருகே வாயை வைத்தார். "அடியே, பால் பொங்குது!"

பாடி அக்கா வில்லிலிருந்து புறப்பட்ட அம்பு மாதிரி எழுந்து உட்கார்ந்தாள். "அணைச்சேனே அத்தை! நான் அடுப்பை அணைச்சுட்டுத்தான் வந்தேன்!"

மாமியார் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். இந்த முறை வெங்காயம் கிடையாது. கணவர் என்ன செய்வதென்று தெரியாமல் திருப்புளியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டிருந்தார். ஒளிப்பதிவாளர் மட்டும் காமிராவை நிறுத்தவே இல்லை.

அத்தையும் திருப்புளியும் தெரியாதபடி வெட்டி ஒட்டி, அதையே கடைசிக் காட்சியாக ஒளிபரப்பினார்கள். பிணம் எழுந்து, அடுப்பை அணைத்துவிட்டதாகச் சத்தியம் செய்தது. யாருடைய அடுப்பு, எதற்காக அணைத்தாள் என்று பல் டாக்டர் உட்பட ஊரே மண்டையை உடைத்துக்கொண்டது. கதாசிரியருக்கும் தெரியாது, கண்டுபிடித்துச் சொல்ல அவருக்குத் தயாரிப்பாளர் கெடு வைத்திருக்கிறார். நோட்டம் சார் உடம்பு சரியில்லை என்று விடுப்பில் போய்விட்டார்.

ஒளிபரப்பான அன்று மாமியாரும் மருமகளும் ஒரே நாற்காலியில் நெருக்கியடித்து உட்கார்ந்து பார்த்தார்கள். மேஜையில் அவள் படுத்திருந்ததைக் கண்டதும் மாமியாருக்கு வழக்கம்போலக் கண் கலங்கியது. பக்கத்தில் இருப்பவளின் கையைப் பிடித்துப் பார்த்துச் சூடாகத்தான் இருக்கிறது என்று உறுதிசெய்துகொண்டு மேலே அழுதார். திரையில் அவள் எழுந்து உட்கார்ந்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?"

"சொல்லுங்க அத்தை."

"நீ செத்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும். கதைக்குச் சொல்றேன்."