சங்கிலியில் ஏழாவது ஆள்

புதன்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு வரவேண்டிய போன் பத்தேகால் ஆகியும் வரவில்லை. தேவாலய அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்த அவள், ஞாயிறு ஆராதனைத் தாளைப் பாதியில் விட்டுவிட்டு, கைப்பையிலிருந்து செல்போனை எடுத்துப் பார்த்தாள். சார்ஜ் இருந்தது, சிக்னலும் இருந்தது. பதினோரு வருஷத்தில் இந்த நேரம் ஒருமுறைகூடத் தவறியதில்லை. போன வருஷம் ஆறாவது ஆளுக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்தபோதுகூட, மயக்கம் தெளிந்த கையோடு அந்த அம்மாள் ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து கூப்பிட்டுவிட்டாள்.

அதற்கு ஜெபச் சங்கிலி என்று பெயர். மொத்தம் பதினொரு பெண்கள். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற பெரிய டீச்சர்தான் முதல் ஆள். அவர் இரண்டாவது ஆளைக் கூப்பிட்டு அந்த வாரத்து ஜெபக் குறிப்புகளைச் சொல்வார், இரண்டாவது ஆள் மூன்றாவது ஆளுக்குச் சொல்வாள். இப்படியே போய்ப் பதினோராவது ஆள் டீச்சரிடம் ஒப்பித்தால் அந்த வாரத்துச் சங்கிலி முடிந்தது. எழுதி வைக்கக் கூடாது, பெயர் சொல்லக் கூடாது, இரண்டே விதிகள். பெயரை யாரும் ஒருநாளும் சொன்னதில்லை, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். 'ஒரு சகோதரி' என்றுதான் சொல்வார்கள். மருந்துக்கடை மாடியில் குடியிருக்கிற, இரண்டாவது பையன் பரீட்சையில் கோட்டைவிட்ட, போன மாதம் தலைக்குச் சாயம் அடித்துக்கொண்டு வந்த ஒரு சகோதரி. இதற்குமேல் பெயர் எதற்கு?

டைப்பிஸ்ட் மட்டும் என்ன, வானத்திலிருந்து இறங்கியவளா? ஏழாவது ஆளாக இருந்து அவளும் எத்தனையோ குடும்பங்களை எட்டாவது ஆளின் காதுக்குக் கடத்தியிருக்கிறாள். ஆர்கன் வாசிப்பவர் குடித்துவிட்டுப் படிக்கட்டில் விழுந்ததைச் சொல்லும்போது, தன் பங்குக்கு இரண்டு படிகளைக் கூட்டியும் சொல்லியிருக்கிறாள். 'பாவம்' என்று ஆரம்பித்துவிட்டால் அதற்குப் பிறகு எதைச் சொன்னாலும் புறணி ஆகாது என்பது அந்தப் பதினொரு பேரும் பேசிவைக்காமலே கடைப்பிடித்த ஏற்பாடு. போனை வைத்ததும் கண்ணை மூடி உண்மையாகவே ஜெபிப்பார்கள், அதுவும் பொய்யில்லை.

பத்தரைக்கும் போன் வரவில்லை. சங்கிலி ஒரே ஒரு காரணத்துக்காகத்தான் ஓர் ஆளைத் தாண்டிப் போகும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எட்டாவது ஆளின் மகள் யாருடனோ போய்விட்டபோது, 'இந்த வாரம் எட்டுக்குப் பண்ணாத, ஒன்பதுக்குப் பண்ணிடு' என்று இவளுக்குத் தகவல் வந்தது. இவளும் மறுபேச்சுப் பேசாமல் ஒன்பதாவது ஆளைக் கூப்பிட்டாள். அன்றைக்கு எட்டாவது ஆள் தன் வீட்டில் போனைப் பார்த்துக்கொண்டு எப்படி உட்கார்ந்திருந்திருப்பாள் என்று இப்போதுதான் இவளுக்கு முதல்முறையாகத் தோன்றியது. இந்த வாரத்து 'ஒரு சகோதரி' தன் தங்கை.

தங்கையின் கணவனைச் சபையில் எல்லோரும் தேன்குரல் என்றுதான் கூப்பிடுவார்கள். ஞாயிறுதோறும் வேதபாடம் வாசிப்பவன். அன்பைப் பற்றிய அதிகாரத்தை அவன் வாசித்தால் முன்வரிசைக் கிழவிகள் கைக்குட்டையை எடுப்பார்கள். அவன் மூன்று மாதங்களுக்கு முன்னால் சின்னவளின் வலது மணிக்கட்டைக் கதவிடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தினான். எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சபையில் சொன்னார்கள். ஆறு வருஷத்தில் அந்தக் குளியலறையில் அவள் நான்குமுறை வழுக்கி விழுந்திருந்தாள், அப்படி என்னதான் தரை அது என்று ஒருவரும் கேட்கவில்லை. கட்டுப் பிரித்த அன்று சின்னவள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகவில்லை. பஸ்ஸில் ஒன்றரை மணிநேர தூரத்தில் ஒரு சலவை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து, அதன் மாடியறையிலேயே தங்கிக்கொண்டாள். எங்கே இருக்கிறாள் என்பது இந்த உலகத்தில் அக்கா ஒருத்திக்குத்தான் தெரியும்.

அந்த ஒருத்திதான் போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெரிய டீச்சரின் தோளில் சாய்ந்து அழுதாள். டீச்சர் முதுகைத் தடவிக்கொடுத்தார், தன் கைக்குட்டையையே எடுத்துக் கொடுத்தார். பிறகு மெதுவாக, அவள் எங்கே இருக்கிறாள் என்று கேட்டார். ஜெபம் என்பது கடிதம் மாதிரி, விலாசம் சரியாக இருந்தால்தான் போய்ச்சேரும், பொதுவாக ஜெபித்தால் பொதுவாகத்தான் பதில் வரும் என்று அவர் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. கர்த்தருக்குத் தன் தங்கையின் இருப்பிடம் தெரியாது என்று நினைத்தவள்போல, இவள் தெருவின் பெயரைச் சொன்னாள், சலவை நிலையத்தின் பெயரைச் சொன்னாள், வேலை நேரத்தைக்கூடச் சொன்னாள். முப்பது வருஷமாக ஜெபத்தில் சொன்ன எதுவும் வெளியே போகாது என்று நம்பி வளர்ந்தவள். இத்தனைக்கும் அது வெளியே போகிற பாதையில் ஏழாவது ஆளே இவள்தான்.

தங்கைக்குப் போன் செய்தாள், மணி அடித்துக்கொண்டே இருந்தது. வேலை நேரத்தில் அங்கே போன் எல்லாம் அலமாரியில் பூட்டியிருக்கும். நாலாவது முறை அடிக்கும்போது பாஸ்டர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, ஒரு குடும்பத்தை இணைக்கிற ஊழியத்துக்குப் போகிறோம், நீங்களும் கூட இருந்தால் நல்லது என்றார். ஜன்னல் வழியே பார்த்தாள். வாசலில் கார் நின்றது. பின்சீட்டில் பெரிய டீச்சர் இருந்தார், முன்சீட்டில் தேன்குரல், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில். பதினோரு பேரில் யாரோ ஒரு புண்ணியவதி அவனுக்கு ஆறுதல் சொல்லப்போய், விலாசத்தையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறாள்.

போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் இவள் போகாவிட்டாலும் கார் போகும், அங்கே சின்னவள் தனியாக நிற்பாள். ஏறிக்கொண்டாள். வழியெல்லாம் தேன்குரல் பணிவாகவே பேசினான். 'அக்கா, நீங்கதான் எனக்குத் தாய் ஸ்தானம்' என்றான். தவறு இரண்டு பக்கமும் இருக்கும் என்றார் பாஸ்டர். கல்யாணம் கர்த்தர் போட்ட முடிச்சு என்றார் டீச்சர். டைப்பிஸ்ட் அந்த மணிக்கட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். டீச்சர் அவள் முழங்கால்மேல் கையை வைத்து, பழையதைக் கிளறினால் காயம் ஆறாது என்றார். யாருடைய காயம்? அதை இவள் மனசுக்குள்தான் கேட்டாள். அதற்காகத் தன்னையே அறைந்துகொள்ளலாம்போல இருந்தது.

சலவை நிலையத்துக்குள் நீராவியும் சோப்புத்தூள் வாடையும் முகத்தில் அடித்தன. விடுதிப் போர்வைகள் மலைமலையாகக் குவிந்திருந்தன. சின்னவளும் பருமனான இன்னொரு பெண்ணும் ஒரு பெரிய போர்வையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மடித்துக்கொண்டிருந்தார்கள். இருவரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். தங்கை சிரித்துப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று அக்கா நினைத்து முடிப்பதற்குள் அந்தச் சிரிப்பு போய்விட்டது. சின்னவள் முதலில் அவனைப் பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. போர்வையின் முனை மட்டும் கையிலிருந்து நழுவியது.

பாஸ்டர் பேசினார், டீச்சர் பேசினார். சின்னவள் ஒரே ஒரு பதிலைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"நான் வரல."

அப்படியானால் ஜெபம் பண்ணிவிட்டுப் போகிறோம், ஜெபத்துக்கு யாரும் வேண்டாம் என்று சொல்ல முடியாதல்லவா என்றார் டீச்சர். முடியாதுதான். பிறந்ததிலிருந்து இவர்களுக்கு அப்படித்தான் பழக்கம். எல்லோரையும் வட்டமாக நிற்கவைத்துக் கையைக் கோக்கச் சொன்னார். டீச்சருக்குப் பக்கத்தில் பாஸ்டர், அவருக்குப் பக்கத்தில் தேன்குரல். அவன் கையை எடுத்துச் சின்னவளின் வலது கையில் டீச்சரே வைத்தார், கல்யாணத்தில் வைத்ததுபோல. சின்னவளின் இடது கையை அக்கா பிடித்துக்கொண்டாள். அக்காவின் மறுகை டீச்சரிடம். பருமனான பெண்ணுக்கு இது ஒன்றும் புரியவில்லை. போர்வையை மார்போடு அணைத்துக்கொண்டு பார்த்தபடி நின்றாள்.

டீச்சர் கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்தார். கர்த்தரைப் பார்த்துத்தான் பேசினார், ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் வந்து விழுந்தது சின்னவள்மேல். "ஆண்டவரே, இந்தப் பிள்ளையோட பெருமையை உடைச்சுப் போடும். புருஷனை மன்னிக்கத் தெரியாத இந்தக் கல் நெஞ்சை எடுத்துப்போடும்." நேரே சொல்ல வாய் கூசுவதையெல்லாம் வானத்தைச் சுற்றி அனுப்புவதற்கு எவ்வளவு வசதி! பதில் பேசவும் முடியாது. ஜெபத்தின் நடுவே வாயைத் திறந்தால் சின்ன வயதில் அம்மா தொடையில் கிள்ளுவாள். தேன்குரல் ஒவ்வொரு வரிக்கும், "ஆமா ஆண்டவரே" என்று உருகினான்.

அப்போது அக்காவின் கைக்குள் இருந்த சின்னவளின் விரல்கள் விறைத்தன. மூச்சு உள்ளே போன சத்தம் கேட்டது, வெளியே வந்த சத்தம் கேட்கவில்லை. டைப்பிஸ்ட் கண்ணைத் திறந்தாள்.

அவன் தங்கையின் கையைப் பிடித்திருக்கவில்லை, மணிக்கட்டைப் பிடித்திருந்தான். முறிந்து ஒட்டிய இடம் எதுவென்று அவனுக்குத்தானே நன்றாகத் தெரியும், கட்டைவிரலைச் சரியாக அங்கே வைத்து அழுத்திக்கொண்டிருந்தான். நகம் வெளுத்திருந்தது. அவன் கண்ணும் திறந்துதான் இருந்தது. சின்னவளின் முகத்தையே பார்த்துக்கொண்டு, "ஆமா ஆண்டவரே" என்றான். சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றாள். ஜெபம் முடியட்டும் என்று காத்துக்கொண்டிருந்தாள். அவளையும் அதே அம்மாதான் கிள்ளி வளர்த்திருந்தாள்.

"டீச்சர், கண்ணத் திறங்க."

டீச்சரின் குரல் ஒரு கட்டை ஏறியது. ஜெபத்தில் குறுக்கிடுவது எந்தப் பிசாசு என்று அவருக்குத் தெரியும். அதை எப்படிக் கட்டிப்போட வேண்டும் என்றும் தெரியும். கட்டிப்போட ஆரம்பித்துவிட்டார்.

"பாஸ்டர், கண்ணத் திறந்து அவன் கையப் பாருங்க."

பாஸ்டரின் இமை அசைந்தது. திறந்தது. அவர் பார்த்தார். அந்தக் கட்டைவிரலை, வெளுத்த நகத்தை, சின்னவளின் கழுத்தில் புடைத்த நரம்பைப் பார்த்தார். இதை டைப்பிஸ்ட் எந்தக் கோர்ட்டில் கேட்டாலும் சொல்வாள். ஒரு முழு மூச்சு நேரம் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, தலையை முன்னைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் குனிந்துகொண்டார்.

அதுவரை எங்கே இருந்தது அந்தக் கோபம் என்று அவளுக்கே தெரியாது. கண்ணைத் திறக்காதவர்மேல் வந்ததைவிடத் திறந்து மூடிக்கொண்டவர்மேல் பத்து மடங்கு வந்தது. டீச்சரின் கையை உதறினாள். தேன்குரலின் விரல்களைப் பிடித்து ஒவ்வொன்றாக நெம்பினாள். முப்பது வருஷம் தட்டச்சு அடித்த விரல்கள், வலு இருந்தது. கட்டைவிரல் மட்டும் வரவில்லை. குனிந்து கடித்தாள். வாயில் உப்புக் கரித்தது. அவன் அலறிய குரலில் தேன் இல்லை.

"விடுடா," என்றாள். மாப்பிள்ளையை அவள் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல்முறை. "ஜெபமாம் ஜெபம். ஆண்டவரு இங்க வந்தா மொதல்ல உங்க நாலு பேரையும்..." என்றவள் நிறுத்தினாள். அவர்கள் மூன்று பேர்தான். நாலாவதாக எண்ணியது தன்னை.

பருமனான பெண் போர்வையைக் கீழே போட்டுவிட்டு நடுவில் வந்து நின்றுவிட்டாள். நின்றதே போதுமாக இருந்தது, தேன்குரல் இரண்டு எட்டு பின்னால் போனான். அக்கா தங்கையைப் பின்வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே சிமெண்டுத் தொட்டியும் ஒரு குழாயும் இருந்தன. குழாயைத் திறந்துவிட்டு மணிக்கட்டைத் தண்ணீரில் காட்டச் சொன்னாள். காட்டினாள். விரல் பதிந்த இடம் சிவந்து, நடுவில் நீலம் பாரிக்கத் தொடங்கியிருந்தது.

"விலாசம் யாரு குடுத்தா?" என்று சின்னவள் கேட்டாள்.

அழுததைச் சொல்லலாம். டீச்சர் கேட்டதைச் சொல்லலாம். உனக்காகத்தான் என்று சொல்லலாம். இதெல்லாம் நாக்கு நுனிவரை வந்து நின்றது.

"நான்தான்."

சின்னவள் தலையை ஆட்டினாள். தெரிந்துதான் கேட்டிருக்கிறாள். தண்ணீர் கையில் விழுந்து சிதறி இருவரின் துணியையும் நனைத்தது.

"இனிமே எனக்காக ஜெபம் பண்ணாதக்கா."

அடித்திருந்தால்கூட இப்படி வலித்திருக்காது. குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள். உள்ளே டீச்சர் இன்னும் நிறுத்தவில்லை. அழுகையும் சேர்ந்துகொள்ள, இந்த இடத்தில் கிரியை செய்கிற பொல்லாத ஆவியைத் துரத்தும்படி கேட்டுக்கொண்டிருந்தார். பாஸ்டர் ஆமென் போட்டார். பருமனான பெண் இந்தப் பக்கம் வந்து, பின்வாசலில் இவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள். இரண்டு கையாலும் இரண்டு நிலைச்சட்டத்தையும் பிடித்துக்கொண்டாள். கதவு இருந்த இடம் முழுவதும் அவள்தான் இருந்தாள்.

"ஐஸ் வேணுமாடி?" என்று திரும்பாமலே கேட்டாள்.

"வேணும்," என்றாள் சின்னவள்.

"கொண்டாறச் சொல்றேன். இவங்க போகட்டும்."

அவள் அசையவில்லை. அவள் அக்குளுக்குக் கீழே இருந்த இடைவெளியில் டீச்சரின் கை தெரிந்தது. டைப்பிஸ்ட் உதறிவிட்டு வந்த அதே கை. உள்ளங்கை மேலே பார்க்க, பக்கத்தில் யாரோ நிற்பதுபோல இன்னும் நீட்டியபடியே இருந்தது.