அவள் கட்டிய முதல் சுவர்

மரத்தடி மேடையில் கடப்பாரையின் முதல் அடி விழுந்ததும் ஜன்னலுக்குள்ளிருந்து அப்பாவின் சத்தம் வந்தது.

“ஏம்மா, நடுவுல குத்தினா விரல்தான் நசுங்கும். மேல் வரிசையிலேர்ந்து ஒண்ணொண்ணா கழட்டு.”

மூச்சு விடவே பாடுபடுகிற மனுஷன், வேலை சொல்ல மட்டும் எங்கிருந்து பலம் வந்ததோ! நாற்பது வருஷம் கொத்தனாராக இருந்தவர். இனி நாள் கணக்குதான் என்று டாக்டர் கைவிரித்த பிறகு, கட்டிலை ஜன்னலோரம் போடச் சொல்லி, முற்றத்துப் பைன் மரத்தைப் பார்த்தபடியே கிடந்தார். அந்த மரமும் ஒரு வருஷமாக அவரோடு போட்டி போட்டுக்கொண்டு இளைத்தது. ஊசி இலைகள் மஞ்சளாகிக் கொட்டின. இரண்டில் ஒன்றையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று மகளுக்கு ஒரு வெறி.

அவளுக்கு மருந்துக்கடையில் வேலை. கேட்கவா வேண்டும்? ஒரு நாள் உரம், மறுநாள் பூச்சிமருந்து, வாரம் தவறாமல் பூஞ்சைக்கு ஒரு தெளிப்பு. “மரத்துக்குக் காய்ச்சல் இருக்கான்னு பாத்தியாக்கா?” என்று தம்பி கிண்டல் செய்வான். மரம் எதற்கும் மசியவில்லை.

அன்று காலை வந்த மர வைத்தியர் இலைகளை ஏறிட்டும் பார்க்கவில்லை. குனிந்து அடிமரத்தைத்தான் பார்த்தார்.

“மரம்னா அடி அகலமா இருக்கணும்மா. இது கம்பம் நட்ட மாதிரி நேரா மண்ணுக்குள்ள போகுது. இந்த வட்ட மேடையை யார் கட்டினது?”

“நான்தான். அப்பா உக்கார.”

“உள்ள ரெண்டடி மண்ணு கொட்டியிருக்கீங்க. வேர் மூச்சு முட்டிப்போய்க் கெடக்கு. நோயும் இல்ல, பூச்சியும் இல்ல.” ஒரு சிறு கிளையை நகத்தால் கீறிக் காட்டினார். உள்ளே பச்சை. “உயிர் இருக்கு. மேடையை எடுத்துட்டு, மண்ணைக் கையாலயே அள்ளுங்க. பொழச்சுக்கும்.”

அப்பாவுக்கு முழங்கால் விட்டுப்போன வருஷம், லீவு போட்டு அவளே கட்டிய மேடை அது. அவர் ரசமட்டம் வைத்து மட்டம் சரியா என்று பார்த்துவிட்டு, போவோர் வருவோரிடமெல்லாம், “என் பொண்ணு கட்டினது” என்று பீற்றிக்கொண்டார்.

ஜன்னலருகே போய் விஷயத்தைச் சொன்னாள்.

“தெரியும்மா,” என்றார் அவர். “கட்டின அன்னிக்கே தெரியும்.”

“தெரிஞ்சா சொல்ல வேண்டாமாப்பா? ஒரு வருஷமா பைத்தியக்காரி மாதிரி மருந்து ஊத்திக்கிட்டிருக்கேன்!”

“நீ கட்டின மொத சுவரு. எந்த வாயால இடிக்கச் சொல்றது?”

அவளுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. கோபத்தைத்தான் காட்டினாள். “இப்ப மட்டும்?”

“நான் உக்காந்தது போதும்மா. இடி.”

மதியம் வரை செங்கல். பிறகு மண். அள்ள அள்ளப் புளித்த வாடை அடித்தது. தம்பியும் ஆபீசுக்குப் போகாமல் சட்டி சட்டியாக வாங்கிக் கொட்டினான். அவர் ஜன்னலிலிருந்து இருவரையும் திட்டிக்கொண்டேயிருந்தார். போகப் போகச் சத்தம் குறைந்தது. வெயில் சாய்கிற நேரத்தில், அடிமரம் அகன்று நாலு பக்கமும் தடித்த வேர்களாக இறங்குவது தெரிந்தது.

தம்பி ஓடிப்போய் அவரை நிமிர்த்திப் பிடித்தான்.

“அப்பா, தெரியுதா?” என்றாள் அவள்.

“தெரியுது. நல்லா அகலமாத்தான் இருக்கு.”

இருட்டுவதற்குள் அடங்கிவிட்டார். கை கழுவக்கூட நேரமில்லை. மண்கையோடுதான் அவர் கையைப் பிடித்திருந்தாள்.

மறுநாள் வீடு கொள்ளாத கூட்டம். அவள் நாற்காலி எடுத்துப் போட்டாள், வந்தவர்களுக்குப் பதில் சொன்னாள், அழவில்லை. “கொஞ்சம் அழுதுடும்மா, இப்படிக் கல்லா நிக்காதே,” என்றாள் அத்தை. வந்தால்தானே அழுவதற்கு!

சவப்பெட்டியை நால்வர் தூக்கினார்கள். வாசற்படியிலிருந்து கேட்டுக்கு நேர்வழி மரத்தடிதான். முன்னால் தோள் கொடுத்து நடந்த மாமா பூட்ஸ் காலைத் தூக்கி வைக்கப் போனார்.

“மாமா! வேரை மிதிச்சுடாதீங்க!”

கூட்டமே திரும்பிப் பார்த்தது. கத்திய குரல் அப்படியே உடைந்து, அவள் வாய்விட்டு அழுதாள். சாவு வீட்டில் மரத்துக்கா கவலை என்று யாரோ முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும். தம்பி முன்னால் போய், “இப்படி வாங்க மாமா, சுத்தி வாங்க,” என்று கை காட்டினான்.

நால்வரும் நின்று தோள் மாற்றிக்கொண்டார்கள். திறந்து கிடந்த வேர்களை விட்டு விலகி, மரத்தைச் சுற்றிக்கொண்டு, மெதுவாகக் கேட்டை நோக்கி நடந்தார்கள்.