விளக்குக் கம்பம் வரை

1

இந்தக் கதை எனக்குக் கொசுறாகக் கிடைத்தது. கோடை விடுமுறைக்கு வீட்டுக்குப் போனது தூங்கவும், தர்ப்பூசணி தின்னவும், மின்விசிறிக்கு நேர் கீழே யார் படுப்பது என்று அக்காவோடு சண்டை போடவும்தான். கதை எடுக்கப் போகவில்லை. வாங்கின சாமானோடு அதுவும் பைக்குள் விழுந்துவிட்டது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "தகரக் கூரைகளின் மேல் வெயில் உருகி வழிந்த அந்த மதிய—"

வேண்டாம். வெயிலை வைத்து ஆரம்பிக்கிறவனிடம் சரக்கு குறைவு என்று அர்த்தம். கடையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

2

அப்பாவுக்குப் பாத்திரக் கடை. எங்கள் வீட்டில் முதலில் சொல்வது எதுவும் விலை அல்ல, பேச்சுக்கு ஓர் ஆரம்பம். பையை இறக்குவதற்கு முன்பே அம்மா, "எத்தன நாள் இருப்ப?" என்றாள். "நாலு" என்றேன். "பதினஞ்சு" என்றாள். பத்தில் படிந்தது. பத்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டுதான் வந்திருந்தேன். அது அவளுக்கும் தெரியும். இருந்தாலும் பேசி வாங்கிய பத்து நாளின் ருசியே தனி.

பேரத்தின் உச்சம் நடை. விலை ஒத்துவரவில்லை என்றால் வாங்க வந்தவர் எழுந்து நடக்க வேண்டும். தெருமுனை விளக்குக் கம்பத்தை அவர் தாண்டுவதற்குள் கடைக்காரர் கூப்பிட்டால், விலை இறங்கிவிட்டது. கூப்பிடாமல் அவராகவே திரும்பி வந்தால், சொன்ன விலைக்குச் சம்மதம். கொள்முதலுக்குப் போன இடங்களில் அப்பா எத்தனையோ முறை நடந்திருக்கிறார். ஒரு முறைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. எல்லாரும் கூப்பிட்டிருக்கிறார்கள்.*

* சம்பள உயர்வு கேட்கப் போனபோது அலுவலகத்தில் நானும் நடந்து பார்த்தேன். யாரும் கூப்பிடவில்லை. மாடிப்படியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, எதையோ மறந்துவிட்டவன் போலத் திரும்பிப் போனேன்.

3

இப்போது அக்கா.

(எழுதட்டுமா என்று கேட்டபோது அக்கா சொன்ன முதல் விலை: கதையில் அவள் வரவே கூடாது. இழுபறிக்குப் பிறகு, வரலாம், ஆனால் அழக் கூடாது என்று முடிந்தது.)

அப்பாவின் கடை இருக்கும் அதே தெருவில் அக்கா செருப்புக் கடை போட்டாள். கடைக்கு மேலே பெரிய எழுத்தில் ஒரு பலகை: "ஒரே விலை. பேரம் இல்லை." எங்கள் குடும்பத்தில் பிறந்த ஒருத்தி எழுதி மாட்டுகிற வாசகமா இது? அப்பா அன்றிலிருந்து எதிர்ச் சாரியில் நடக்க ஆரம்பித்தார். "போர்ட எடுக்கச் சொல்லு, வர்றேன்" என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பினார். "வந்து வாங்கச் சொல்லு, அப்புறம் பாக்கலாம்" என்று பதில் போயிற்று.

கடை நன்றாகவே ஓடியது. ஊரே வந்தது. ஒரே ஒரு வாடிக்கையாளர் மட்டும் வரவில்லை. அக்கா அதைப் பற்றிப் பேசவே மாட்டாள். ஆனால் வாசலில் நிழல் விழும்போதெல்லாம் முகத்தைப் பார்ப்பதற்கு முன் காலைப் பார்ப்பாள்.

4

அன்று மதியம் நாங்கள் அக்கா கடையிலேயே கூடியிருந்தோம். தரையில் செய்தித்தாள் விரித்து, தர்ப்பூசணியைப் பிளந்து வைத்து, அம்மா கத்தி முனையால் விதை எடுத்துக்கொண்டிருந்தாள். வாசலில் நிழல் விழுந்தது.

அப்பா.

"சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்று சொல்லி முக்காலியில் உட்கார்ந்தார். "கறுப்புல, வாரு அகலமா ஒண்ணு காட்டும்மா."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு பெட்டியை எடுத்தாள். அப்பா பழைய செருப்பைக் கழற்றி முக்காலிக்கு அடியில் தள்ளினார். புதியதை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் இரண்டு நடை நடந்தார்.

"என்ன விலை?"

"பெட்டியிலயே ஒட்டியிருக்குப்பா."

"அது ஊருக்கு. எனக்கு?"

"ஊருக்கு என்னவோ அதான் உங்களுக்கும்."

"தையல் கோணலா இருக்கே."

"அப்பக் கழட்டிடுங்க. கோணல உங்களுக்கு விக்க மாட்டேன்."

"ஏண்டி, பெத்த அப்பன்கிட்டயா?" என்றாள் அம்மா.

"நீ பழத்தச் சாப்பிடும்மா."

"கடைசியாக் கேக்குறேன். ஒரு மரியாதைக்காவது குறை."

"மரியாதைக்கு வேணும்னா தர்ப்பூசணி தர்றேன். விலை அதேதான்."

(இந்த இடத்தில் "அக்காவின் கண்கள் கலங்—" வரை எழுதி, ஒப்பந்தம் ஞாபகம் வந்து நிறுத்தினேன். தவிர, கலங்கவும் இல்லை. என்னுடையதைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒன்றும் இல்லை. விடுங்கள்.)

அப்பா காலரைச் சரிசெய்துகொண்டார். நடந்தார்.

5

அந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவசரமும் இல்லை, தயக்கமும் இல்லை. கடைக்காரனைக் கூப்பிட வைப்பதற்கென்றே செய்த நடை. பாதி தூரம் போயிருப்பார்.

"ஐயையோ!" என்றாள் அம்மா. "பழைய செருப்பு இங்கயே கிடக்கு!"

அப்பா காலில் புதியது போய்க்கொண்டிருந்தது.

"கூப்பிடுடி!"

"கூப்பிட்டா விலை இறங்கினதா ஆயிடும்மா."

"சரக்கு போகுதுடி!"

"எங்க போகுது? நம்ம வீட்டுக்குத்தான."

"டேய், நீயாவது கூப்பிடு!"

"வாயத் திறந்த, ஃபேனுக்குக் கீழ உனக்கு இடமே கிடையாது" என்றாள் அக்கா. குரல் திடமாகத்தான் இருந்தது. ஆனால் பழைய செருப்பில் ஒன்று எப்படியோ அவள் கைக்கு வந்திருந்தது. அதை விடாமல் பிடித்திருந்தாள்.

6

இங்கே முடிவுகளை எடுத்துப் போட்டுப் பார்த்தேன்.

அக்கா கூப்பிடுகிறாள். பலகை இறங்குகிறது. இதை எழுதினால் அவள் என்னை வீட்டுக்குள் சேர்க்க மாட்டாள், எனக்கும் பிடிக்கவில்லை.

அப்பா திரும்பி ஓடி வந்து மகளைக் கட்டிக்கொள்கிறார். நன்றாக விலைபோகும். ஆனால் எங்கள் வீட்டில் யாரும் யாரையும் கட்டிப்பிடித்ததாகத் தகவல் இல்லை. போலிச் சரக்கு.

நடந்தது இதுதான். அவர் திரும்பவில்லை, அவள் கூப்பிடவில்லை, கம்பம் பின்னால் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் கம்பத்தடித் தையல்காரன் மூச்சிரைக்க ஓடிவந்தான். என்னோடு படித்தவன், பட்டப்பெயர் ரேடியோ.

"உங்கப்பா கம்பத்துகிட்ட நின்னாருடா. குனிஞ்சு காலப் பாத்தாரு. 'என்ன மாமா, புதுசா?'ன்னேன். 'என் பொண்ணு கடைச் சரக்கு. அங்க யாரு பேரம் பேசினாலும் நடக்காது. நானே பேசிப் பாத்துட்டேன்'னாரு. நெஞ்ச நிமித்திக்கிட்டுப் போறாரு, எதிர்ல வர்றவன் எல்லாம் ஒதுங்குறான்!"

ரேடியோ சொல்வதில் பாதியைத் தள்ளித்தான் எடுத்துக்கொள்வது வழக்கம். அந்தப் பாதியே எங்களுக்குத் தாராளமாகப் போதும். மறுநாள் காலை, பெட்டியில் ஒட்டியிருந்த விலையை அப்படியே அப்பா அம்மா கையில் கடைக்குக் கொடுத்தனுப்பினார். அக்கா பழைய செருப்பைத் துடைத்துப் புதுப் பெட்டியில் வைத்துக் கொடுத்தனுப்பினாள்.

7

மிச்சம் ஒன்றுதான். புதியதைப் போட்டுக்கொண்டு நடக்கிறோம் என்பது அப்பாவுக்குத் தெரியுமா?

தெரியாது என்கிறேன் நான். நடை என்று வந்துவிட்டால் அவருக்குக் கால் ஞாபகம் இருக்காது.

"போடா" என்றாள் அக்கா. "புதுச் செருப்பு கடிக்கும். தெருமுனை வரைக்கும் அது தெரியாம எவன் நடப்பான்? யார்கிட்ட வந்து சொல்ற?"

அப்பாவிடமே கேட்டேன். "நீ என்ன சொல்ற?" என்றார். முதல் விலையை அவர் வாயிலிருந்து வாங்க இன்னும் ஆள் பிறக்கவில்லை.

இனி உங்கள் பாடு. என் விலையைச் சொல்லிவிட்டேன், அக்கா விலையும் தெரியும். நடுவில் எங்கேயாவது படிந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். படியாவிட்டால் எழுந்து நடக்கலாம், தடையில்லை. ஒன்று மட்டும்: நான் அவள் தம்பி. கூப்பிட மாட்டேன்.