முடிவை மாற்றிச் சொன்னேன்

அச்சுக்குப் போகும் புத்தகத்தின் நன்றியுரையைக் காலையில் நான்தான் பிழை பார்த்தேன். பழையதும் புதியதுமான மந்திரவாதிப் படங்களைப் பற்றி என் வீட்டுக்காரர் பத்திரிகையில் எழுதிய பன்னிரண்டு வருட விமர்சனங்களின் தொகுப்பு அது. ஆசிரியருக்கு நன்றி, தியேட்டர் மேலாளருக்கு நன்றி, அலுவலகத்துக்கு டீ கொண்டுவருகிறவருக்குக்கூட நன்றி. என் பெயரை மேலும் கீழும் தேடினேன். இல்லை.

திரையில் மந்திரவாதி கையைத் தூக்கினாலே இவருக்குத் தூக்கம் வந்துவிடும். இடைவேளைக்கு முன்பே குறட்டை. படம் விட்டு பஸ்ஸில் வரும்போது நான் சொல்வேன், வீட்டுக்கு வந்து அவர் எழுதுவார். ‘பழைய மந்திரவாதி மந்திரத்தை மறந்துவிடுவானோ என்று பயந்தோம், புதியவனிடம் மறப்பதற்கு ஒன்றுமே இல்லை’ என்ற வரியை ஊரே மெச்சியதே, அது ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து நான் சொன்னது. பெயர் நம் வீட்டுக்குத்தானே வருகிறது என்று இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நான் ஒரு மக்கு.

அன்று பதிப்பாளரைப் பார்க்க வேண்டும் என்று, புதுப்படத்தின் முதல் காட்சிக்கு என்னை மட்டும் அனுப்பினார். படம் விட்டதும் அவரிடமிருந்து போன். இந்த மந்திரவாதியைப் பார்த்தால் ஏன் பாவமாக இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தேன்.

“அதெல்லாம் வேணாம். நீ கதைய மட்டும் சொல்லு, கருத்த நான் பாத்துக்கறேன்.”

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது. கதைதானே வேண்டும்? சொன்னேன். படத்தில் மந்திரவாதி கோபுரத்திலிருந்து விழுந்து சாகிறான்; நான் அவனைப் பிழைக்க வைத்து, மந்திரக்கோலை அடுப்பில் போட்டுவிட்டு வாத்தியார் வேலைக்குப் போனான் என்று அளந்துவிட்டேன். அவர் அருமை அருமை என்று எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தால் இருப்புக் கொள்ளவில்லை. துவைத்த துணியையே மறுபடி துவைத்தேன். நாளைக்குப் பத்திரிகை வந்ததும் படம் பார்த்த பொடிசுகூடச் சிரிக்கும். இவர் வேலை போகும், புத்தகம் போகும். விமர்சனப் பக்கம் ஆறு மணிக்கு அச்சுக்குப் போய்விடும். நாலு தடவை போன் செய்தும் மனிதர் எடுக்கவில்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு பத்திரிகை அலுவலகத்துக்கு ஓடினேன். பஸ் ஒவ்வொரு சிக்னலிலும் நின்றது. டிரைவரை மனதுக்குள் திட்டாத திட்டில்லை.

நான் மூச்சு வாங்கப் போய் நின்றபோது மணி ஐந்து ஐம்பது. இவர் மேசையருகே ஆசிரியர் அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். பிரமாதமான விமர்சனம், வாத்தியாராகிற இடத்தில் கண் கலங்கிவிட்டது என்றார். நீங்களும் கூடப் போய்ப் படம் பார்த்தீர்களா என்று என்னைக் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் சிரித்துக்கொண்டே முந்திக்கொண்டார்.

“இவளா? இவளுக்கு இந்த மாதிரிப் படமெல்லாம் புரியாது சார். நான் மட்டும்தான் போனேன்.”

நெஞ்சு எரிந்தது. ஏதோ சொல்ல வந்த மாதிரி இருக்கிறதே அம்மா என்று ஆசிரியர் மறுபடி கேட்டார்.

“ஒண்ணுமில்ல சார். வீட்டுச் சாவியக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

சாவியை இவர் மேசையில் வைத்தேன். ஆசிரியர் அந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு அச்சுக்கு அனுப்பினார்.