மாட்டுப் பொங்கலன்று விழுந்த சுவர்

நாற்பது வருடங்களுக்கு முன் ஒரு மாட்டுப் பொங்கல் மத்தியானம் அரியலூர்ப் பக்கம் நிலம் அதிர்ந்தது. அளந்து சொல்ல அப்போது கிட்டத்தில் கருவி கிடையாது. அதனால் திருச்சியில் ஆராய்ச்சி செய்யும் சத்யப்பிரியா ஊர் ஊராக அலைந்தாள். பாத்திரம் உருண்டதா, சுவர் விழுந்ததா என்று கேட்டு, ஊருக்கு ஓர் எண் போட்டாள். எண் எங்கே அதிகமோ அங்கே மையம். அதிர்வு எவ்வளவு தூரம் எட்டியதோ அதை வைத்து அதன் பலம்.

விக்கிரமங்கலத்தில் அண்டா உருண்டிருந்தது. வாலிகண்டபுரத்தில்கூடத் தொங்கின விளக்கு ஆடியிருந்தது. இடையிலிருந்த கல்லங்குறிச்சியில் மட்டும் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

"நெலநடுக்கமா? அதெல்லாம் இங்க இல்லைங்க," என்றாள் மலர்க்கொடி. "குவாரி வெடிதான் தெனமும் அதிரும். அந்த மாட்டுப் பொங்கலன்னிக்கு, சொல்லாம கொள்ளாம மூணாவது வூட்டு பூமாலை வச்ச வெடியில எங்க கொட்டாய் சுவரே விழுந்துச்சு. அன்னையிலேர்ந்து அவருகூடப் பேச்சுவார்த்தை இல்ல."

சத்யப்பிரியாவின் பேனா நின்றது. நேரே மூன்றாவது வீட்டுக்குப் போனாள். சுண்ணாம்புக்கல் குவாரியில் வெடி வைத்து ஓய்வு பெற்றிருந்த பூமாலை அலுத்துக்கொண்டார்.

"அன்னிக்கு குவாரி லீவும்மா. நான் மாமியா வூட்டுல கறிச்சோறு தின்னுகிட்டு இருந்தேன். சொன்னா எவன் நம்புறான்?"

"ஐயா, அது வெடியே இல்ல. நெலநடுக்கம்."

பூமாலை உடனே எழுந்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டார். "இத அந்தம்மாகிட்ட வந்து சொல்லுங்க."

மலர்க்கொடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "பூமியே ஆடுச்சுன்னா எங்க சுவரு மட்டும் ஏன் விழணும்? பக்கத்து வூட்டுச் சுவரு நின்னுச்சே."

நியாயமான கேள்வி. சத்யப்பிரியாவின் படிவத்திலும் அதற்கு ஓர் இடம் இருந்தது.

"சுவரு யாருங்க கட்டுனது?"

மலர்க்கொடி மெல்லத் திரும்பினாள். அதுவரை பேப்பர் படித்துக்கொண்டிருந்த அவள் புருஷன் வீரமுத்து, பேப்பரை முகத்துக்கு இன்னும் கிட்டே கொண்டுபோனார்.

"கொத்தனாரு எதுக்கு, நானே கட்டுறேன்னு இவருதான் கட்டுனாரு."

"அஸ்திவாரம் எத்தனை அடிங்கய்யா?"

"அடி மண்ணு கெட்டியா இருந்துச்சு," என்றது பேப்பர்.

அஸ்திவாரமே இல்லாத சுவர் விழ பூமி பெரிதாக ஆட வேண்டியதில்லை. சத்யப்பிரியா சுவர் விழுந்ததற்காக முதலில் போட்டிருந்த எட்டை அழித்துவிட்டு ஆறு என்று எழுதினாள். அப்போதும் சுற்றுவட்டாரத்தில் அதுதான் பெரிய எண். மையம் கல்லங்குறிச்சிக்கு வந்து சேர்ந்தது.

"நாப்பது வருசமா தெரிஞ்சுகிட்டேதான் உக்காந்திருந்தீங்களா?" என்று கேட்டாள் மலர்க்கொடி. பேப்பரில் ஒரு பக்கம் புரண்டது. பூமாலைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள். உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்தாள். மூன்று டம்ளர்தான். பேப்பர் பக்கம் ஒன்றும் போகவில்லை.